மாட்டு டாக்டரைப் பெற்றவள்

கல்யாண வீடுகளில் என்னைப் பார்க்கிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மூத்தவ என்ன படிச்சிருக்கா?" என்பார்கள். "டாக்டருக்கு" என்பேன். உடனே முகம் மலரும். உட்கார நாற்காலி வரும். "எந்த ஆஸ்பத்திரியில இருக்கா?" என்று அடுத்த கேள்வி. "மாட்டாஸ்பத்திரியில" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மலர்ந்த முகம் கூம்பிவிடும். "ஓ... மாட்டு டாக்டரா!" அந்த 'ஓ'வுக்கு ஒரு நீளம் இருக்கிறது பாருங்கள், ஐந்தரை வருஷமாகக் கேட்டுக் கேட்டு அதை நான் அளந்தே வைத்திருக்கிறேன்.

மற்றவர்களைச் சொல்வானேன்? முதன் முதலில் அந்த 'ஓ'வைப் போட்டவள் நானேதான்.

எங்கள் ஊர் பத்தமடைக்குப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. தாமிரபரணித் தண்ணீர். கார், பிசானம் என்று இரண்டு பூ விளையும். எங்களுக்குக் கொஞ்சம் வயல், தொழுவில் எப்போதும் ஒன்றிரண்டு பசு. நான் பத்தாவது வரை படித்தவள். என் மகளை டாக்டராக்கிப் பார்க்க வேண்டும் என்று அவள் பிறந்த அன்றே முடிவு செய்துவிட்டேன். 2019-ல் பிளஸ் டூ முடித்தாள். மார்க் நன்றாகத்தான் வந்தது. ஆனால் 'நீட்' கைகொடுக்கவில்லை. இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கால்நடை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். அவள் அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. இடம் கிடைத்த பிறகுதான் வீட்டில் விஷயம் வெளியே வந்தது.

"ஏட்டி, மாட்டுக்குப் பின்னால நிக்கவா உன்னை இவ்வளவு படிக்க வெச்சோம்? அதைத்தான் நான் 20 வருஷமா படிக்காமலே செய்யுதேனே!" என்றேன்.

"நீ செய்யுதது சரியான்னு பாக்கத்தான் படிக்கப் போறேன்" என்றாள். வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை!

அவளுக்கு இடம் கிடைத்தது நம்ம திருநெல்வேலியிலேயே. சங்கரன்கோவில் ரோட்டில் ராமையன்பட்டியில் இருக்கிறது கால்நடை மருத்துவக் கல்லூரி. 2012-ல் தொடங்கியது. அதற்கு முன்னால் இந்தப் படிப்பு வேண்டுமென்றால் நம் பக்கத்துப் பிள்ளைகள் சென்னைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் 1985-ல் வந்த நாமக்கல் கல்லூரிக்கு. சென்னைக் கல்லூரி நூறு வயது தாண்டியது. 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கி அப்புறம் வேப்பேரிக்குப் போனது. இவற்றையெல்லாம் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து 1989-ல் தனிப் பல்கலைக்கழகமே வைத்தார்கள். மாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகமா என்று சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். நானே சிரித்திருப்பேன்.

முதல் வருஷம் முழுக்க எலும்புதான். மாட்டுக்கு என்ன, குதிரைக்கு என்ன, நாய்க்கு என்ன, கோழிக்கு என்ன என்று ஒப்பிட்டு ஒப்பிட்டுப் படிக்க வேண்டுமாம். மனுஷ டாக்டருக்கு ஒரே ஓர் உடம்பு. இவர்களுக்கு ஏழெட்டு உடம்பு! ஊருக்கு வந்தால் துணியெல்லாம் பார்மலின் நெடி. நான் தனியாக ஊறவைத்துத் துவைப்பேன். சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் முதல் இரண்டு மாதம் தயிர்சாதத்தைத் தவிர எதுவும் இறங்கவில்லை அவளுக்கு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெண் தொழுவுக்குள் நுழையும் விதமே மாறிவிட்டது. முன்பெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு போவாள். இப்போது செவலையின் (அதுதான் எங்கள் ஜெர்சி கலப்புப் பசுவின் பெயர்) விலாவில் விரலை ஓட்டி, "13 ஜோடி இருக்கும்மா. நமக்கு 12-தான்" என்பாள். வாயைத் திறந்து, "மேல் தாடையில முன்பல்லே கிடையாது பாத்தியா?" என்பாள். 20 வருஷமாகப் புல்லைப் போடுகிறேன், எனக்குத் தெரியாது! ஒருநாள் செவலையின் இடது வயிற்றுப் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். "இரண்டு நிமிஷத்துக்கு இரண்டு மூணு தரம் வயிறு உருளணும். உருளுது. நல்லாயிருக்கா" என்றாள். மாட்டுக்கு நாலு அறை வயிறு, அதில் முதல் அறையே ஒரு பெரிய தொட்டி கொள்ளும், அதற்குள் இருக்கிற கோடானுகோடி கிருமிகள்தான் வைக்கோலைச் செரிக்க வைக்கின்றன என்று விளக்கினாள். "அரிசிச் சோறு மிஞ்சிப் போச்சுன்னு ஒரேயடியாக் கொட்டாதே. வயிறு புளிச்சு மாடு படுத்துரும்" என்று ஒரு கண்டிப்பு வேறு. போன தலைமுறையில் எங்கள் ஆச்சி வீட்டில் ஒரு விசேஷத்துக்கு மறுநாள் நல்ல மாடு ஒன்று வயிறு ஊதிச் செத்தது. 'கண்ணு பட்டுட்டு' என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

குதிரைக்குப் பித்தப்பை கிடையாது என்று அவள் சொன்னதைக் கேட்டு என் வீட்டுக்காரர், "அதான் சும்மா ஓடிக்கிட்டே இருக்கு போல" என்றார். இப்படி வாரம் ஒரு சிரிப்பு.

அடுத்தடுத்த வருஷங்களில் கிருமி, புழு, தீவனம், இனவிருத்தி, மருந்து. கடைசியில் வைத்தியம், அறுவை, பிரசவம். பிரசவம் என்று நாம் சொல்கிறோம், அவர்கள் 'ஈனியல்' என்கிறார்கள். சினை பார்ப்பதற்குத் தோள்வரை பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு மாட்டின் பின்புறமாகக் கையை விட்டு, கருப்பையைத் தடவிப் பார்க்க வேண்டும். கன்று எங்கே, எத்தனை மாதம் என்று விரல் நுனியே சொல்ல வேண்டும். இதை அவள் சாவகாசமாக இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொன்னபோது நான் சட்னிக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

இந்த வேலைக்குப் பெண்கள் லாயக்கா என்ற கேள்வி உலகத்தில் எல்லா இடத்திலும் இருந்திருக்கிறது. அயர்லாந்தில் ஏலீன் கஸ்ட் என்று ஒரு அம்மாள். 1900-லேயே படிப்பை முடித்துவிட்டார். பெண் என்பதால் பரீட்சைக்கே உட்கார விடவில்லை. அங்கீகாரம் கிடைத்தபோது வருஷம் 1922! அதுவரை பட்டயம் இல்லாமலே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாராம். நம் நாட்டின் முதல் பெண் கால்நடை டாக்டர்களில் ஒருவரான சக்குபாய் ராமச்சந்திரன் நம் சென்னைக் கல்லூரியில் படித்து 1952-ல் பட்டம் பெற்றவர். அந்தக் காலத்தில் அவருடைய அம்மா கல்யாண வீடுகளில் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. இன்று என் மகள் வகுப்பில் பாதிக்குக் குறையாமல் பெண்பிள்ளைகள்தான்.

ஆனாலும் மாப்பிள்ளை வீட்டாருக்கு அது போதவில்லை. அவள் மூன்றாம் வருஷம் படிக்கும்போதே தூரத்துச் சொந்தத்தில் ஒரு வரன் வந்தது. பெண்ணைப் பார்க்க வந்த அன்று மாடிக் கைப்பிடிச் சுவரில் அவளுடைய முட்டளவு ரப்பர் பூட்ஸைக் கவிழ்த்துக் காயவைத்திருந்தேன். எடுத்து ஒளித்து வைக்க மறந்துபோனது. பையனின் அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, "மாட்டுக்குள்ள கையை விடுத வேலையாமே... அந்தக் கையாலதானே சமைக்கணும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அவள் போன பிறகு பத்து பதில் வந்தது. என்ன பிரயோஜனம்?

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் பேனாவையே எடுத்தேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் ஜில்லாவிலும் தூத்துக்குடி ஜில்லாவிலும் பெய்த மழையை நீங்கள் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். வயலுக்கும் ஆற்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரே வெள்ளக்காடு. தொழுவுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் மாடுகளை அவிழ்த்துவிட்டுவிட்டோம். கட்டிக்கிடந்து சாக வேண்டாம், எங்கேயாவது மேட்டில் போய் நிற்கட்டும் என்று. இரண்டு நாள் கழித்துச் செவலை தானாக வந்து வாசலில் நின்றாள். பின்னங்காலில், முட்டிக்குக் கீழே, சதை கிழிந்த ஒரு காயம். வேலிக்கம்பி கிழித்திருக்கும் என்று மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டேன். ஆறிவிட்டது. நானும் மறந்துவிட்டேன். அவளுடைய நாலு மாதக் கன்றுக்குட்டி தொழுவிலேயே என் பக்கத்தில் திண்ணையில் கிடந்தது தப்பித்தது. அம்மாவும் பிள்ளையும் சேர்ந்துவிட்டார்கள் என்ற சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

பொங்கல் வந்தது. 2024 ஜனவரி 15. அன்றே செவலை தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். மறுநாள் மாட்டுப் பொங்கல். குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, மாலை போட்டு, குங்குமம் வைத்து, தெருப்பிள்ளைகளெல்லாம் சுற்றி நின்று "பொங்கலோ பொங்கல்!" என்கிறார்கள். இலையில் பொங்கலை வைத்து வாய்க்கு நேரே நீட்டினால் திரும்பிக்கொள்கிறாள். வாயிலிருந்து கோழை நூல் நூலாக வடிகிறது. ஒரு மாதிரி கட்டைக் குரலில் கத்துகிறாள், நிறுத்தாமல். பின்னங்கால் கொஞ்சம் தள்ளாடுகிறது. வீடெல்லாம் பனங்கிழங்கு கிடக்கிற சமயம். "கிழங்கைத் தின்னிருக்கும், தொண்டையில சிக்கிட்டு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கும் அப்படித்தான் பட்டது. என் வீட்டுக்காரர் தாடையைப் பிடித்துக்கொண்டார். நான் சேலையைச் செருகிக்கொண்டு வாய்க்குள் முழங்கை வரை கையைவிட்டுத் துழாவினேன். கிழங்கும் இல்லை, ஒன்றும் இல்லை. இன்னொரு தரம் விட்டுப் பார்த்தேன்.

என் மகளுக்கு அன்று கல்லூரி மருத்துவமனையில் காலை முறை. நோய்க்கு ஏது பொங்கல் லீவு? மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தொழு வாசலில் வந்தவள் அப்படியே நின்றாள். செவலை கத்துவதைக் கேட்டாள். வழிகிற எச்சிலைப் பார்த்தாள்.

"யாரும் பக்கத்துல போகாதிய!" என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், அப்படி ஒரு குரல் அவளுக்கு உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, "வாய்க்குள்ள கையை விட்டியாம்மா?" என்றாள்.

"ஆமா, கிழங்கு ஏதும்..."

"எந்தக் கை? காட்டு."

வலது கையை நீட்டினேன். முந்தின நாள் பூசணிக்காய் நறுக்கும்போது அரிவாள்மணை பட்ட வெட்டு, மோதிர விரலில், இன்னும் வாய் மூடாமல் இருந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. ஒன்றும் பேசாமல் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தாள். சோப்பை எடுத்துப் போட்டுப் போட்டுக் கழுவினாள். கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக 15 நிமிஷம். "போதும்ட்டி" என்றால் விடவில்லை. அப்புறம் அப்பாவின் கையை. வயலில் உழைக்கிற கை, பாளம் பாளமாக வெடித்திருக்கும். அதெல்லாமும் புண் கணக்குத்தானாம்.

"என்னட்டி, என்ன சொல்லுத?" என்று கேட்டேன்.

"வெறிநோய்மா. எனக்கு அப்படித்தான் தோணுது. வெறிநாய் கடிச்சிருக்கு. நாம கம்பின்னு நினைச்சோம்லா, அது கம்பி இல்லை."

வெறிநோய் என்றால் மாடு ஓடி ஓடி முட்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம், இல்லையா? அப்படி ஒரு வகை உண்டாம். இன்னொரு வகை ஊமை வகை. தொண்டை செயலற்றுப் போய்விடும், விழுங்க முடியாது, எச்சில் வழியும். பார்க்கிறவர்களுக்கு ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரியே தெரியும். கையை விட்டுப் பார்ப்பார்கள். அந்த எச்சிலில்தான் விஷக்கிருமி அத்தனையும் இருக்கிறது. "அசைபோடுற மாடு திடீர்னு எச்சில் வடிச்சுக் கத்தினா, மொதல்ல வெறிநோயை நினைன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காவ" என்றாள்.

அதற்குள் தெருவில் சேதி பரவிவிட்டது. நாட்டு மருந்து கொடுக்கிற ஒருவர் மூங்கில் குழாயும் கஷாயமுமாக வந்து நின்றார், வாயைத் திறந்து ஊற்ற வேண்டும் என்று. இவள் தொழு வாசலில் குறுக்கே கையை நீட்டி மறித்துக்கொண்டாள். "படிச்சு முடிக்கல, அதுக்குள்ள சட்டம் பேசுதா" என்று முணுமுணுத்தார்கள். நல்ல நாளும் அதுவுமாக வீட்டு மாட்டுக்கு வெறி என்று வாயால் சொல்லலாமா என்று என் மதினிக்குக் கோபம். எனக்கே கூட, ஒருவேளை இவள் தப்பாகச் சொல்லி நாளைக்கு ஊர் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் அந்த நிமிஷத்தில் பெரிதாக இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவள் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். யார் யார் எச்சிலைத் தொட்டது, யாருக்குக் கையில் புண், யார் வீட்டுக்குப் பால் போகிறது. மாட்டின் உடம்பைத் தொட்டவர்களுக்கு ஒன்றுமில்லை. புண்ணில்லாத தோலில் எச்சில் பட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். பாலைக் காய்ச்சிக் குடித்தவர்களுக்கும் பயமில்லை, காய்ச்சும் சூட்டில் கிருமி செத்துவிடும். பச்சைப் பால் குடித்தவர்கள் மட்டும் டாக்டரைப் பார்க்க வேண்டும். அப்படி யார் குடிக்கிறார்கள் என்கிறீர்களா? எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். கறந்த சூட்டோடு ஒரு டம்ளர், 40 வருஷப் பழக்கம். "காய்ச்சினா சத்துப் போயிரும் தாயீ. எனக்கு என்ன ஆகிட்டு? கல்லு மாதிரி இருக்கேன்" என்றார். இவள் அவர் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டாள். "தாத்தா, பச்சைப் பால்ல இது மட்டும் இல்லை, டி.பி. கிருமி வரும், கன்னு வீசுத மாட்டுல இருந்து புரூசெல்லான்னு ஒரு காய்ச்சல் வரும், மூட்டு மூட்டா வலிக்கும். உங்களுக்கு முட்டி வலி எத்தனை வருஷமா இருக்கு?" என்றாள். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பொங்கல் என்றாலும் அவசரப் பிரிவு திறந்துதானே இருக்கும். என் மனசெல்லாம் தொப்புளைச் சுற்றிப் போடும் அந்த 14 ஊசிதான். சின்ன வயதில் எங்கள் தெருப் பையன் ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு அலறியது காதிலேயே இருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்து அது. 2004 வாக்கில் நிறுத்தியாகிவிட்டது என்பதே எனக்குத் தெரியாது. இப்போது இரண்டு கை மேற்புறத்திலும் தோலுக்குள் பொட்டு மாதிரி ஓர் ஊசி, அவ்வளவுதான். முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள். ஆனால் எனக்கு வெட்டுக்காயத்தில் எச்சில் பட்டதால் அதோடு இன்னொரு மருந்தும் அந்த விரலின் காயத்தைச் சுற்றியே ஏற்றினார்கள். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும் வரை கிருமியைத் தடுத்து நிறுத்த அது வேண்டுமாம். வலி உயிர் போயிற்று. பொய் சொல்ல மாட்டேன்.

"உடனே கூட்டிட்டு வரச் சொன்னது யாரு?" என்று கேட்டார் அங்கிருந்த டாக்டர் அம்மாள். "என் மகள். கால்நடை மருத்துவம் படிக்கிறாள்" என்றேன். அவர் 'ஓ' போடவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "சீக்கு தெரிய ஆரம்பிச்ச பிறகு இதுக்கு மருந்தே கிடையாது, தெரியுமாம்மா உங்களுக்கு?" என்று என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை அரசாங்கக் கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். மகள் சொன்னதையேதான் சொன்னார். 19-ம் தேதி, எனக்கு இரண்டாவது ஊசி போட்ட அன்று, செவலை செத்துப்போனாள். மூளையிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். ஆய்வக முடிவும் வெறிநோய் என்றே வந்தது. காலண்டர் தாளில் பேர் எழுதிய நாலு பேரும், நாட்டு மருந்துக்காரர் உள்பட யாரிடமும் வாதாடாமல், எல்லா ஊசியையும் போட்டு முடித்தோம்.

ஊர் என் மகளைக் கொண்டாடியது. ஆனால் அவள் அழுதாள். செவலையைப் புதைத்த அன்று ராத்திரி தொழுவில் காலி முளைக்குச்சிப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வெள்ளத்துக்குப் பிறகு நானும் வந்தேன்லாம்மா. அந்தக் காயத்தை நானும் பாத்தேன். கம்பின்னு நீ சொன்னே, சரின்னுட்டுப் போயிட்டேன். பல்லு பதிஞ்ச தடமான்னு குனிஞ்சு பாக்கல. புஸ்தகத்துல அந்தப் பக்கத்தைத் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். வீட்டு மாட்டுல பாத்தப்போ கண்ணுக்குத் தெரியல."

அப்போதே சோப்புப் போட்டுக் கழுவி, மாட்டுக்கும் தடுப்பூசியைத் தொடங்கியிருந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டாம். மாட்டுக்குக் கடித்த பிறகு போடும் ஊசி ஐந்து தவணை. அந்தக் கணக்கைக் கன்றுக்குட்டிக்குப் போட்டோம், தாயிடம் பால் குடித்தது என்பதற்காக. பிற மாடுகளோடு சேர்க்காமல் தனியாகக் கட்டி, நாலைந்து மாதம் தினமும் பார்த்துக்கொண்டே இருந்தோம். கல்லூரிக்குத் திரும்பிப் போனதும் அவள் வகுப்பில் தானே எழுந்து நின்று, காயத்தைத் தவறவிட்டது முதல் எல்லாவற்றையும் சொன்னாளாம். அதை அவள் தோழி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வாசகிகள் சிலர் உங்கள் பிள்ளைகளை இதில் சேர்க்க நினைக்கலாம். அதற்காகக் கொஞ்சம் விவரம். பிளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதத்துக்குத்தான் 'நீட்'. நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி. முடித்தால் அரசாங்கக் கால்நடை உதவி மருத்துவர் வேலைக்குத் தேர்வாணையப் பரீட்சை எழுதலாம்; பால் பண்ணை, கோழிப் பண்ணை, மருந்துக் கம்பெனி, மேல்படிப்பு என்று வேறு வழிகளும் உண்டு. உதைபடத் தயாராக இருக்க வேண்டும். என் மகளை ஓர் எருமை உதைத்துத் தொடை ஒரு மாதம் கறுத்துக் கிடந்தது. சேர்ந்த உடனே வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அவள் போட்டிருந்தாள்.

நாய் கடித்தாலும், பூனை பிறாண்டினாலும் சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். குழாய்த் தண்ணீர், சோப்பு, 15 நிமிஷம். பிறகு ஆஸ்பத்திரி. வீட்டு நாய்தானே என்று விட வேண்டாம். இதை எழுதாமல் முடித்தால் என் மகள் என்னைச் சும்மா விடமாட்டாள்.

அந்தப் பூட்ஸைப் பார்த்து ஓடிய வரனுக்குப் பிறகு இன்னும் இரண்டு வந்து போயிற்று. இப்போது அவள் பயிற்சியும் முடித்துவிட்டாள். 'அவசரமில்லை' என்கிறாள். எனக்கும் முன்னைப்போல் அவசரம் இல்லை.

செவலையின் கன்று வளர்ந்து இப்போது ஏழு மாதச் சினை. மூன்றாம் மாதமே மகள் கையைவிட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டாள். போன வாரம் போனில், "கன்னு போட்ட பிறகு நஞ்சுக்கொடி விழலைன்னா இழுக்காதே, எனக்குச் சொல்லு. எதைத் தொட்டாலும் உறை போட்டுத் தொடு" என்றாள். என் ஆச்சியும், அம்மாவும், நானும் வெறுங்கையால் நஞ்சை எடுத்து எடுத்து வந்தவர்கள். ஒரு பெட்டி ரப்பர் உறை வாங்கி அனுப்பியிருக்கிறாள். தொழுவில், விளக்கு வைக்கிற மாடத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். நேற்று ஒரு ஜோடி எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மோதிர விரலில் மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது.